ஒருவர் சுமையும் மற்றொருவர் தோளும்

தென்பிரான்சு நாட்டில் ரோக்ஃபோர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அவ்வூரை அணைத்து நிற்கும் கொம்பாலு மலையின் குகைகளிலே எந்நாளும் ஈரக்காற்று வீசிக்கொண்டிருக்கும். செம்மறியாட்டுப் பாலிலிருந்து செய்த பாலாடைக்கட்டியை அக்குகைகளில் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவது அவ்வட்டார மக்களின் பரம்பரைத் தொழில். ஆடு மேய்ப்பவரும், பால் கறப்பவரும், குகையில் காவல் இருப்பவரும் அந்த ஒரு பொருளை நம்பியே அடுப்பு மூட்டுகிறார்கள்.

1999ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் முதல், அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கிய அந்தப் பாலாடைக்கட்டியின்மீது நூற்றுக்கு நூறு சுங்கம் விதிக்கப்பட்டது. பொருளின் விலை எவ்வளவோ, வரியும் அவ்வளவு. அம்மக்கள் செய்த குற்றம் என்ன? பாலில் கலப்படமா? நிறுவையில் மோசடியா? ஒன்றுமில்லை. மாட்டிறைச்சி பற்றி இரண்டு பேரரசுகளுக்கிடையே ஒரு வழக்கு இருந்தது. அந்த வழக்கின் அபராதம் ஆட்டுக்காரரின் வாசலில் வந்து இறங்கிற்று.

வாணிப வழக்குகள் பொருளாதார வல்லுநர்களுக்குரியவை என்று நாம் ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் இதற்குள்ளே பழைமையான ஓர் அறக்கேள்வி மறைந்து கிடக்கிறது. ஒருவர் செய்த தவற்றுக்கு மற்றொருவரைத் தண்டிக்கலாமா? திருமறையின் ஒளியில் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

*

முதலில் வழக்கின் வரலாறு.

மாடுகள் விரைந்து கொழுப்பதற்காக வளர்ச்சி ஊக்கிகளாகிய ஹார்மோன்களை அவற்றின் உடலில் செலுத்தும் பழக்கம் அமெரிக்காவில் நெடுங்காலமாக உண்டு. அவ்வாறு பயன்பட்டவற்றுள் ஒன்று டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பொருள். கருச்சிதைவைத் தடுக்குமென்று நம்பிக் கருவுற்ற தாய்மார்களுக்கும் அது மருந்தாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அத்தாய்மார்கள் பெற்ற பெண்மக்களிடம் அரியவகைப் புற்றுநோய் ஒன்று தோன்றியதற்கும் அம்மருந்துக்கும் தொடர்பு உண்டென்று 1971இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 1979இல் அமெரிக்க அரசே மாடுகளுக்கு அதனைக் கொடுக்கலாகாதென்று தடுத்துவிட்டது.

மறு ஆண்டு, 1980இல், இத்தாலியில் கன்றிறைச்சியால் செய்த குழந்தை உணவில் அதே பொருளின் எச்சம் காணப்பட்டது. தாய்மார்கள் திகைத்தார்கள். ஐரோப்பாவெங்கும் கன்றிறைச்சி வாங்குவோர் குறைந்தனர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1981 தொடங்கிப் படிப்படியாகச் சட்டம் செய்து, வளர்ச்சிக்காக ஹார்மோன் செலுத்துவதையே விலக்கிற்று. 1989 ஜனவரி 1 முதல் அவ்வாறு வளர்க்கப்பட்ட மாடுகளின் இறைச்சியை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்வதும் தடைப்பட்டது.

அமெரிக்கா சினந்தது. “நாங்கள் இப்போது பயன்படுத்தும் ஆறு ஹார்மோன்களும் வேறு. அவற்றுள் மூன்று உயிர்களின் உடலில் இயற்கையாகவே ஊறுபவை. முறைப்படி கொடுத்தால் தீங்கில்லையென்று எங்கள் அறிஞர்கள் ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். தீங்கு உண்டென்றால் மெய்ப்பித்துக் காட்டுங்கள்” என்பது அதன் வாதம். அத்தோடு நில்லாமல், ஏறத்தாழ 9 கோடியே 30 இலட்சம் டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களின்மீது அவ்வாண்டே நூறு விழுக்காடு வரியும் போட்டது.

“உண்பவர்கள் நாங்கள். ஐயம் தீராத ஒன்றை எங்கள் பிள்ளைகளின் தட்டில் இடமாட்டோம். தீங்கில்லையென்று ஐயமற நிறுவ வேண்டியது விற்பவரின் கடமை” என்றது ஐரோப்பா.

*

இவ்விரு வாதங்களும் நமக்குப் புதியவையல்ல. நம் ஃபிக்ஹு நூல்களோடு பழகியவர்களுக்கு இரண்டுமே தெரிந்த முகங்கள்தாம். விலக்கப்பட்டதென்பதற்கு ஆதாரம் கிடைக்கும்வரை பொருள்கள் ஆகுமானவை என்பது சட்ட வல்லுநர்கள் பலரும் ஏற்ற அடிப்படை. இறைவன் விலக்காததை மனிதன் தன் அச்சத்தால் விலக்கிக்கொண்டே போனால் மார்க்கம் ஒரு சிறைக்கூடமாகிவிடும். அமெரிக்காவின் வாதம் இதன் சாயலுடையது.

ஆனால் ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே ஐயத்திற்குரியவை உண்டென்பதையும், அவற்றை விட்டு விலகி நடப்பவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொள்கிறார் என்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். இதுவே பேணுதல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனில் ஹலால், ஹராம் பற்றித் தனிப்பகுதியே எழுதி, பேணுதலை நான்கு படித்தரங்களாக வகுத்தார்கள். ஐரோப்பியத் தாயின் வாதம் இதன் சாயலுடையது.

ஆகவே, ஒரு பக்கம் முழு நீதியென்றும் மறுபக்கம் முழு அநீதியென்றும் இவ்வழக்கைக் கூறுபோட முடியாது. ஆகுமானதை ஆகுமானதென்று கொள்வதும் அறம்; ஐயத்தை விட்டு ஒதுங்குவதும் அறம். ஒரு நுட்பம் மட்டும் இங்கே கருதத்தக்கது. பேணுதல் என்பது மனிதன் தன்மீது தானே இட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. அதையே பிறர் பிழைப்பைத் தடுக்கும் சட்டமாக்கும்போது, வெறும் ஐயம் போதாது. ஆய்வும் ஆதாரமும் வேண்டும். மனத்தூய்மையும் வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவின் குளிர்க்கிடங்குகளில் விற்காத மாட்டிறைச்சி மலைபோல் தேங்கிக் கிடந்தது. வெளிநாட்டு இறைச்சியைத் தடுப்பது உள்நாட்டு விவசாயிக்கு இலாபமே. பிள்ளைகளின் நலம் என்ற போர்வைக்குள் பணப்பை ஒளிந்திருந்ததா? இக்கேள்வியை எழுப்பியவர்கள் உண்டு.

நிய்யத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. மனித நடுவர்கள் வெளிப்படையான சான்றுகளைத்தாம் நிறுத்துப் பார்க்க முடியும். சான்றுகளோ குழம்பிக் கிடந்தன. உலக நாடுகளின் உணவுத் தர ஆணையமான கோடெக்ஸ், அந்த ஆறில் ஐந்து ஹார்மோன்களுக்குரிய தர அளவுகளை 1995இல் ஏற்றுக்கொண்டபோது, ஆதரவாக 33 நாடுகளும் எதிராக 29 நாடுகளும் வாக்களித்தன. 7 நாடுகள் ஒதுங்கி நின்றன. அறிவியல் தீர்க்க வேண்டியதைக் கைதூக்கித் தீர்க்க வேண்டியதாயிற்று!

1996இல் அமெரிக்காவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 1998 ஜனவரி 16 அன்று அதன் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்புரைத்தது. உலக அளவுகளைவிடக் கடுமையான பாதுகாப்பைத் தேர்ந்துகொள்ள ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. இத்தடை வாணிபத்தை ஒடுக்குவதற்காகப் போட்ட மாறுவேடம் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் தடைக்கு அடிப்படையாகத் தக்க அபாய மதிப்பீட்டை ஐரோப்பா செய்திருக்கவில்லை. ஆதலால் தடை ஒப்பந்தத்திற்கு முரணானது. எண்ணத்தில் குற்றமில்லை, ஆதாரத்தில் குறை என்பது இத்தீர்ப்பின் சாரம்.

ஐரோப்பா தடையை நீக்கவில்லை. கெடு முடிந்தது. ஆண்டுக்கு 20 கோடியே 20 இலட்சம் டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்க அனுமதி வேண்டுமென்றது அமெரிக்கா. நடுவர்கள் கணக்கிட்டு, 11 கோடியே 68 இலட்சம் போதும் என்றார்கள். அந்தக் கணக்கை நிரப்பத் தேர்ந்தெடுத்த பொருள்களில் கடுகு விழுதும், நிலத்தடிக் காளானும், வாத்தின் ஈரலும், நாம் முதலிற் கண்ட பாலாடைக்கட்டியும் இடம்பெற்றன.

கதை அங்கே முடியவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், ரோக்ஃபோருக்குப் பால் கொடுக்கும் ஆட்டுப்பண்ணையாளர் ஒருவர், ஜோசே பொவே என்பவர், தம் தோழர்களுடன் சென்று மில்லோ என்ற ஊரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைப் பிரித்தெறிந்தார். அதற்காகச் சிறையும் சென்றார். இறைச்சியின் குற்றம் பாலாடைக்கட்டிக்குப் போயிற்று. பாலாடைக்கட்டியின் கோபம் உணவகத்திற்குப் போயிற்று. சம்பந்தமற்றவரைத் தொட்ட அநீதி, சம்பந்தமற்ற இன்னொருவரைத் தேடிக்கொண்டு போகிறது.

*

இதைப் படிக்கையில் அறியாமைக் காலத்து அரபு நாடு நம் கண்முன் வருகிறது. பக்ரு குலத்தாருக்கும் தஃக்லிபு குலத்தாருக்கும் நடந்த பஸூஸ் போரை வரலாறு கூறும். ஒரு பெண் ஒட்டகத்தை எய்ததில் மூண்ட பகை, நாற்பது ஆண்டுகள் எரிந்ததாகச் சொல்லப்படுகிறது. கொலையுண்டவன் பெருந்தலைவனாயின், கொன்றவனின் உயிர் மட்டும் அவர்களுக்குப் போதாது. கொன்றவனுடைய குலத்தில் தலைவனுக்கு நிகரான ஒருவனைத் தேடிப் பிடித்துக் கொல்வார்கள். அவன் அந்தப் பகையை அறியாதவனாயிருந்தாலும் சரியே. குலம்தான் குற்றவாளி, கையில் அகப்பட்டவன் அதன் விலை.

இஸ்லாம் வந்து இக்கொடுமைக்கு இரண்டு எல்லைகளை வகுத்தது. முதலாவது, அளவு எல்லை: இழப்பு எவ்வளவோ, அதற்கு மேற்பட்டுப் பழி தீர்க்கலாகாது. இரண்டாவது, ஆள் எல்லை: செய்தவனைத் தவிர வேறொருவனைத் தீண்டலாகாது. கிஸாஸ் என்ற சட்டத்தின் உயிர்நாடி இவ்விரண்டும் சேர்ந்ததே. ஒருவருடைய பாவச் சுமையை இன்னொருவர்மீது ஏற்றுவதில்லை என்ற நெறியைத் திருமறை ஒன்றல்ல, பல இடங்களில் வற்புறுத்துகிறது. இவற்றுக்கு மேலே, மன்னிப்பையும் ஈட்டுத்தொகையையும் உயர்ந்த வழியாக அது திறந்து வைத்தது.

இன்றைய வாணிப உலகம் முதல் எல்லையைக் கற்றுக்கொண்டது. பதிலடி இழப்புக்குச் சமமாகவே இருக்க வேண்டுமென்று உலக வர்த்தக அமைப்பின் விதி சொல்கிறது. வாழைப்பழ வழக்கில் அமெரிக்கா 52 கோடி டாலர் கேட்டது. 1999இல் நடுவர்கள் 19 கோடியே 14 இலட்சத்திற்கே அனுமதித்தார்கள். துலாக்கோல் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் தட்டில் யாரைத் தூக்கி வைப்பது என்ற கேள்வியை விதி கேட்கவில்லை. அளவைக் கற்ற உலகம் ஆளைக் கற்கவில்லை. பழத்தின் வழக்குக்குக் கைப்பை செய்பவரும் படுக்கைவிரிப்பு நெய்பவரும் வரி செலுத்தினார்கள்.

ஆள் தவறிய தண்டனைக்கு முடிவும் எளிதில் கிடைப்பதில்லை. 1962இல் ஐரோப்பியச் சமூகம் அமெரிக்கக் கோழி இறைச்சியின்மீது வரியை உயர்த்தியது. நடுவர் குழு இழப்பை 2 கோடியே 60 இலட்சம் டாலர் என்று கணித்தது. அமெரிக்கா பதிலுக்கு உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு சரக்குந்துகள் ஆகியவற்றின்மீது வரி போட்டது. 1964 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. மற்றவற்றின் வரி பின்னாளில் நீங்கிற்று. சரக்குந்தின்மீது போட்ட 25 விழுக்காடு மட்டும், கோழி வழக்கு மறந்துபோன பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனமே, துருக்கியிலிருந்து கொண்டுவந்த சிறு சரக்குந்துகளைப் பயணி வண்டிகளாகக் காட்டி அந்த வரியைத் தவிர்த்ததென்ற வழக்கில், 2024இல் 36 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. கோழிக்கு வைத்த கண்ணியில் அறுபது ஆண்டுகள் கழித்து வைத்தவர் வீட்டுக் காலே சிக்கிற்று!

*

இதற்கு மறுப்புரைகள் உண்டு. அவற்றை நாம் ஒளிக்காமல் எடுத்துப் பார்க்க வேண்டும்.

“அரசின் மீது வழக்கு வந்தால் அதனைச் சிறையிலிட முடியுமா? அதன் குடிமக்களுக்கு வலித்தால்தான் அரசுக்கு உறைக்கும். ஆட்டுக்காரர் கூக்குரலிட்டால் பாரிசில் கதவு திறக்கும்” என்பது முதல் மறுப்பு. இது நடைமுறை உண்மையாக இருக்கலாம். ஆனால் நிரபராதியின் வலியைக் கருவியாக்குவதை நீதி என்று அழைக்க முடியாது. தந்தையிடம் கடனை வாங்க முடியாதவன் பிள்ளையைப் பிடித்து வைப்பதும் இதே நியாயத்தைத்தான் சொல்லும்.

அன்றியும், இந்தக் கருவி வலியவன் கையில்தான் வெட்டும். வாழைப்பழ ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் வகிப்பது ஈக்வடார். அதே வழக்கில் 2000ஆம் ஆண்டு அந்நாட்டுக்கும் 20 கோடியே 16 இலட்சம் டாலர் அளவுக்குப் பதிலடி கொடுக்க உரிமை தீர்ப்பாயிற்று. ஐரோப்பியப் பொருளைத் தடுத்தால் தன் மக்களே துன்புறுவார்கள் என்பதை அறிந்த அச்சிறு நாடு, அந்த உரிமையைப் பயன்படுத்தவேயில்லை. வலியவனுக்கு வாளாகவும் எளியவனுக்கு வெறுங்காகிதமாகவும் இருப்பது எப்படிச் சட்டமாகும்?

இரண்டாவது மறுப்பு நம் மார்க்கத்தின் உள்ளிருந்தே எழக்கூடியது. “தவறுதலாக ஒருவன் கொலை செய்துவிட்டால் அதற்குரிய தியத்தை அவனுடைய ஆகிலா, அதாவது தந்தைவழிச் சுற்றத்தார், கொடுக்க வேண்டுமென்று ஷரீஅத்து சொல்லவில்லையா? அங்கே மட்டும் ஒருவர் சுமை மற்றவர் தோளுக்கு மாறவில்லையா?” என்று ஓர் அறிஞர் கேட்கலாம்.

நல்ல கேள்வி. இதற்குரிய விடையிலேதான் வழியும் இருக்கிறது. ஆகிலாவின் பொறுப்பு தண்டனையன்று, துணை. வேண்டுமென்று செய்த கொலைக்கு அது இல்லை. அதன் பொறுப்பு செய்தவன் தலையிலேயே நிற்கும். தவறிச் செய்ததற்கு மட்டும், அதுவும் சுற்றத்தார் அனைவருக்கும் பங்கிட்டு, அவரவர் வசதிக்கேற்பச் சிறு சிறு தொகையாக, மூன்றாண்டுத் தவணையில் வாங்கப்படுகிறது. வறியவருக்கு விலக்கும் உண்டு. கூட்டத்தில் ஒருவனை மட்டும் பொறுக்கியெடுத்து அவன் குடியைக் கெடுப்பதற்கும், எல்லோரும் தோள் கொடுத்து ஒரு சுமையைத் தூக்குவதற்கும் எவ்வளவு தூரம்!

ஓர் அரசு ஒப்பந்தத்தை மீறினால், அதற்குரிய ஈட்டுத்தொகை அந்நாட்டுப் பொதுக் கருவூலத்திலிருந்து செல்லட்டும். சட்டத்தைச் செய்தவர் நாட்டின் பெயரால் செய்தார்கள். விலையையும் நாடு முழுதும் பகிர்ந்து கொடுக்கட்டும். பிள்ளைகளின் நலத்துக்காகவே இந்தத் தடை என்று ஐரோப்பியப் பெருமக்கள் மெய்யாகவே நம்பினால், அந்த நலத்தின் விலையை அவர்களே கொடுப்பதுதானே முறை? மலையடிவாரத்து ஆட்டுக்காரர் மட்டும் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

இது கனவன்று. பருத்திக்கு அமெரிக்கா வழங்கிய மானியத்தை எதிர்த்துப் பிரேசில் வென்றபோது, பதிலடி வரிகள் விழவிருந்தன. அவற்றைத் தவிர்க்க, 2010இல் ஆண்டுக்கு 14 கோடியே 73 இலட்சம் டாலர் வீதம் பிரேசிலின் பருத்தித் தொழிலுக்குக் கொடுக்க அமெரிக்கா ஒப்பியது; 2014இல் 30 கோடி டாலரோடு வழக்கு முடிந்தது. இதிலும் ஒரு குறை உண்டு. அதே மானியத்தால் நலிந்ததாக 2003இலேயே முறையிட்ட பெனின், புர்க்கினா ஃபாசோ, சாடு, மாலி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் உழவர்களுக்கு அந்தப் பணம் நேரடி ஈட்டுத்தொகையாகச் செல்லவில்லை. ஈட்டுத்தொகை, தவற்றைத் தொடர்ந்து செய்வதற்கு வாங்கிய உரிமச் சீட்டாகிவிடக் கூடாது. எனினும், நிரபராதியின் கழுத்தை நெரிப்பதைவிட இது நீதிக்கு அருகில் இருக்கிறது.

ஹார்மோன் வழக்கும் முடிவில் இவ்வழியிலேதான் ஆறியது. 2009 ஜனவரியில் ரோக்ஃபோர் மீதான வரியை 300 விழுக்காடாக உயர்த்துவதாக அமெரிக்கா அறிவித்தது. அது நடைமுறைக்கு வருமுன் மே மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. ஹார்மோன் செலுத்தாத மாட்டிறைச்சியை 20,000 டன் வரை சுங்கமின்றி ஏற்பதாக ஐரோப்பா இசைந்தது. அளவு பின்னர் 45,000 டன்னாயிற்று; 2019இல் அதில் 35,000 டன்னைப் படிப்படியாக அமெரிக்காவுக்கே ஒதுக்க ஒப்பந்தமாயிற்று. ஐரோப்பாவின் பேணுதலும் நிலைத்தது. அமெரிக்க விவசாயிக்கும் சந்தை கிடைத்தது. முப்பது ஆண்டுக்குப் பிறகு கண்ட இந்த வழி, முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடாதா?

*

தொலைதூரத்துக் கதை என்று இதனை நாம் மூடிவைப்பதற்கில்லை. 2025 ஆகஸ்டில், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, இந்தியப் பொருள்கள்மீது ஏற்கெனவே போட்ட 25 விழுக்காட்டின்மேல் இன்னும் 25 விழுக்காடு வரியை அமெரிக்கா ஏற்றியது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டுக் காலணி தைக்கும் தொழில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தொழில். அங்கே தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் பெண், எண்ணெய்க் கப்பலைக் கண்டதுண்டா? எந்த நாட்டில் எண்ணெய் வாங்கலாமென்று அவளை யாரேனும் கேட்டதுண்டா? ரோக்ஃபோரின் ஆட்டுக்காரரும் ஆம்பூரின் அந்தச் சகோதரியும் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஆயினும் இருவர் தோளிலும் இருந்தது பிறருடைய சுமை.

இவ்வளவும் எழுதியபின், எழுதிய கையே நம்மை நோக்கித் திரும்புகிறது. பேரரசுகளைக் குறைகூறும் நாம், நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஜமாஅத்தோடு ஒருவருக்கு வழக்கு உண்டாகிறது. அவரை ஊர்விலக்குச் செய்கிறோம். அவர் மகளுக்கு மணம் கூடிவந்தால், நிக்காஹ் தஃப்தரைத் தர மறுக்கிறோம். அவர் வீட்டு மையித்துக்குச் சந்தூக்கு அனுப்பத் தயங்குகிறோம். “அப்போதுதான் அவருக்குப் புத்தி வரும்” என்கிறோம். பாரிசின் கதவைத் திறக்க ஆட்டுக்காரரை அடித்தவர்கள் சொன்ன நியாயமும் இதுதானே! அந்த மணப்பெண் செய்த குற்றம் என்ன? மரித்துப்போன அந்த மூதாட்டி செய்த குற்றம் என்ன?

இன்னும் அணுக்கத்தில் வருவோம். சம்பந்தி வீட்டாரோடு மனத்தாங்கல் என்றால், அதனை நம் வீட்டில் வந்து வாழும் அவர்களுடைய பெண்ணின்மீது காட்டுவதில்லையா? அண்ணன் தம்பியர் சொத்துச் சண்டையில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசலாகாதென்று கட்டளையிடுவதில்லையா?

வழக்குகள் வரத்தான் செய்யும். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும் வழக்குகளும் உண்டு; ஆகுமானதென்பவருக்கும் பேணுபவருக்கும் இடையே நடந்த இந்த வழக்கு அத்தகையது. வழக்கு எழுவது குற்றமன்று. அதன் சுமையை, வழக்கில் இல்லாதவரின் தோளில் இறக்கிவைத்துவிட்டு நாம் கைவீசி நடப்பதே குற்றம். மறுமையில் தராசு நாட்டப்படும் நாளிலே, யார் சுமையை யார் சுமந்தார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு. அந்நாளுக்கு முன்னரே, நம் ஊரின் தஃப்தரையும் நம் வீட்டுக் கதவையும் நிரபராதிகளுக்குத் திறந்துவிடும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!